செவ்வாய், வெள்ளி இருமல்

நாற்பத்தொன்பது வயதில் முதுகலை இசைப் படிப்பில் சேர்ந்தேன். என் கணவர் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன். அவர் இருமினார்.

குடிநீர் அலுவலகத்தில் இன்ஜினியராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். ஊருக்கே குழாய் போட்டவருக்குத் தனக்கென ஒரு டம்ளர் தண்ணீர் பிடிக்கத் தெரியாது. எனக்கு வகுப்பு செவ்வாயும் வெள்ளியும், பத்திலிருந்து ஒன்று வரை. இருமல் அதே நாட்களில் காலை ஒன்பதுக்கு ஆஜர்.

"நீ கிளம்பு. எனக்கு ஒண்ணுமில்ல."

"இருமுறீங்களே."

"இருமிட்டுக் கிடக்கேன். நீ படிச்சு முன்னுக்கு வா."

இதைக் கேட்டபிறகு எந்தப் பெண்டாட்டி செருப்பை மாட்டுவாள்? ஒரு மாதத்தில் ஆறு வகுப்பு போயிற்று.

வீட்டில் உட்கார்ந்த நாட்களை வீணாக்கவில்லை. செவிப்பயிற்சிப் பாடத்துக்கு ஒரு மாத வேலை கொடுத்திருந்தார்கள்: வீட்டில் கேட்கும் ஒரு சத்தத்தைக் கவனித்துச் சுரமும் தாளமுமாக எழுத வேண்டும். மற்றவர்கள் மிக்ஸி, கதவு என்று எடுத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் அதைவிட வாடிக்கையான சத்தம் இருந்தது.

வியாழன் மதியம் துறை எழுத்தரம்மா போன் செய்தார். "இன்னும் ஒரு நாள் வரலேன்னா பரீட்சை எழுத முடியாது மேடம். என் கையில ஒண்ணுமில்ல."

போனை வைத்துவிட்டு நோட்டைப் புரட்டினேன். இருபத்தைந்து வருஷம் தள்ளிப்போட்ட படிப்பு. அப்போதுதான் பக்கங்களை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். எனக்குக் காது கேட்கும். மூளைக்குத்தான் கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேரும்.

வெள்ளி ஒன்பது மணிக்கு இருமல் வந்தது. கான்வென்ட் சிஸ்டர்கள் பழக்கிவைத்த பவ்யமான முகத்தை மாட்டிக்கொண்டு, நோட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்ன எழுதுற?"

"உங்க இருமல்தான். மூணு குட்டை, ஒரு நெட்டை. கடைசியில பஞ்சமத்துல போய் நிக்குது. ஒரு மாசமா ஒரு சுரம் பிசகல."

அவர் முகத்தில் பயமும் பெருமையும் முட்டிக்கொண்டன. பெருமை ஜெயித்தது.

"பிசகவே இல்லையா?"

"ஞாயித்துக்கிழமை புரையேறி இருமினீங்களே, அதுலதான் சுருதியும் இல்ல, தாளமும் இல்ல."

"அது திடீர்னு வந்தது."

சிரிப்பை விழுங்கினேன். "காலை முழுக்கப் பதிவு இருந்தா மார்க் கூடும். நான் இருந்தா உங்களுக்குக் கூச்சமா இருக்கும். பழைய போனை வச்சுட்டுப் போறேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, மணியைச் சொல்லி இருமணும். முடியுமா, இல்ல உடம்பு..."

"உடம்புக்கென்ன? கிளம்பு, லேட்டாகுது."

போனேன். ஒன்று வரை உட்கார்ந்தேன்.

சாயங்காலம் அவர் நடைப்பயிற்சிக்குப் போனதும் பதிவைக் கேட்டேன். பத்து மணி, இருமல். பத்து பத்து, இருமல். பதினொன்றுக்குமேல் இருமலுக்கே அலுத்துவிட்டது. நாற்காலி நகர்ந்தது. டிவி ஓடி நின்றது. ஃப்ரிட்ஜ் கதவு இரண்டு முறை திறந்து மூடியது. பிறகு அவர் குரல்: "பதினொண்ணு நாற்பது. வீட்டுல ஒரு சத்தமும் இல்ல." யாரிடம் சொன்னாரோ. இருமவில்லை.

அந்த இடத்தை மூன்று முறை கேட்டேன். மனுஷனுக்கு அதைச் சொல்ல வரவில்லை, இருமத்தான் வந்திருக்கிறது. அவர் ஆபீஸ் போன இத்தனை வருஷமும் நான் இதே சத்தமில்லாத வீட்டில் காலை முதல் மாலை வரை இருந்தேன். எனக்கு இருமக்கூடத் தோன்றவில்லை.

பாவமாக இருந்தது. அதற்காக வகுப்பை விடுவதாக இல்லை.

செவ்வாய் காலை, ஒன்பது. இருமல் இல்லை. வாசலில் என் பையை ஏந்திக்கொண்டு நின்றார்.

"இருமல் என்னாச்சு?"

"அதான் பதிவாயிடுச்சே." குரலைத் தாழ்த்தினார். "இப்ப வயித்துல ஒரு சத்தம் வருது. பாடத்துல சேர்த்துப்பாங்களான்னு போய்க் கேட்டுட்டு வா."