விபத்தில்லாத 364 நாட்கள்

"கத்தாதீங்கக்கா!" என்று கத்தினார் சூப்பர்வைசர்.

பேக்கிங் அக்கா கத்தவே இல்லை. கட்டைவிரலில் ஏறிய தூண்டில் முள்ளை யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தூண்டில் முள் செய்யும் கம்பெனி அது. வாசல் பலகையில் 'விபத்தில்லாத நாட்கள்: 364' என்றிருந்தது. நாளையோடு ஒரு வருடம் முடிந்தால் சூப்பர்வைசருக்குத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றல். மனைவியும் மகளும் அந்த ஊரில்தான் இருந்தார்கள். இரண்டு வருடமாக மகளைப் போனிலேயே வளர்த்து அவர் நொந்துபோயிருந்தார்.

"நர்ஸம்மாகிட்ட போயிடறேன் சார்."

"ரெஜிஸ்டர்ல எழுதிடுவாங்க!"

"நான் பேசிக்கறேன் சார்."

"பேசுவீங்க, கிழிப்பீங்க. நானே எடுத்துடறேன், வாங்க."

ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திவிட்டு, முள்ளைப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்தார். முனையருகே எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும் குட்டி முள் சதையைக் கவ்விக்கொண்டது. மீன் நழுவக் கூடாது, அது கூராக இருக்க வேண்டும் என்று தினமும் ஆட்களின் உயிரை வாங்குகிறவர் அவர்தான்.

"சரக்கு நல்லாதான் வந்திருக்கு சார்" என்றார் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு.

அடுத்தது நூல் வைத்தியம். முள்ளின் வளைவில் நூலைக் கட்டி, தண்டை விரலோடு அழுத்திப் பிடித்து, வெடுக்கென்று இழுக்க வேண்டும். முதலுதவிப் படத்தில் அப்படித்தான் இருந்தது. இழுத்தார். முள் சமர்த்தாக வெளியே வந்தது. வந்த வேகத்தில் அவர் மூக்கில் ஏறிக்கொண்டது.

"எனக்கு சரியாயிடுச்சு சார்" என்றார் அக்கா.

சூப்பர்வைசர் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, ஜலதோஷக்காரர் மாதிரி வெளியேறிக் கதவைப் படாரென்று சாத்தினார். முள்ளில் தொங்கிய நூல் கதவிடுக்கில் மாட்டியிருந்ததை இரண்டாவது அடி வைத்தபோதுதான் தெரிந்துகொண்டார். அவர் போட்ட அலறலில் மூன்று மெஷின்கள் நின்றன.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல! தும்மல்!"

எல்லோரும் அவசரமாகக் குனிந்து வேலையைப் பார்த்தார்கள். அவர் பின்வழியாக நர்ஸின் அறைக்கு ஓடினார்.

நர்ஸ் மரத்துப்போக ஊசி போட்டு, முள்ளை முன்பக்கமாகவே தள்ளி முனையை வெளியே கொண்டுவந்து, அதை நறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தை வந்த வழியே உருவினார். ஐந்தே நிமிட வேலை.

"சிஸ்டர், உங்க கால்ல விழறேன். ரெஜிஸ்டர்ல மட்டும் எழுதிடாதீங்க." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நாளைக்கு ஒரு நாள் தாண்டிட்டா டிரான்ஸ்பர்."

நர்ஸ் அவர் மூக்கில் பிளாஸ்திரியை ஒட்டினார்.

"கவலையே படாதீங்க சார். இந்த மாசம் முள்ளு ஏறி வந்த பதினாறு பேரும் இதையேதான் கேட்டாங்க, நீங்க எப்படியாவது இங்கேருந்து போயிடணுமாம்."