பின்சீற் கழட்டக்கூடிய கார்

சுருவில்,
ஆடி மாதம், 1990.

அன்பின் மைத்துனர் பரராசசிங்கம் அவர்களுக்கு,

அத்தான் அப்புத்துரை எழுதிக்கொள்வது யாதெனில், இத்தீவில் இன்றுவரை உயிரோடு இருப்பவர்கள் யாவரும் சுகமாக இருக்கிறோம். தாங்களும் ஜேர்மனியில் தடிமன், காய்ச்சல் ஏதுமின்றி இருக்க எங்கள் ஊர் அம்மன் துணை நிற்பாளாக. தாங்கள் வைகாசியில் போட்ட கடிதமும், அதற்குள் மடித்து வைத்த கார்ப் படமும் யார் யாருடைய கைகளோ மாறிப் போன கிழமைதான் எம்மிடம் வந்து சேர்ந்தன. தபால் ஓடாதபடியால் இதனைக் கொழும்புக்குப் போகும் ஓர் ஆளிடம் கொடுத்து விடுகிறேன்.

நிற்க. தாங்கள் கார் கழுவும் வேலை செய்கிற அந்தக் கடையில், அடுத்த வருசம் புது உருவத்தில் வரப்போகும் சொகுசுக் காரைப் பற்றி வாங்க வருகிறவர்கள் என்னென்ன ஆசைப்படுகிறார்கள் என்று விபரமாக எழுதியிருந்தீர்கள். பந்தயக் கார் மாதிரி ஓடவும் வேணுமாம், உள்ளுக்கை இருந்தால் மணவறை மாதிரி இருக்கவும் வேணுமாம். ஒருத்தர் குளிருக்குச் சீற் சூடாக வேணுமெண்டு கேட்டாராம். ஒருத்தர் எஞ்சின் சத்தம் காதிலை விழவே கூடாதெண்டாராம். ஒரு மனிசி, இப்ப இருக்கிற காரின்ரை பின்சீற்றிலை தன்ரை நாய்க்குக் கால் நீட்டிப் படுக்க இடம் காணாதெண்டு முதலாளியோடை கோவிச்சுக்கொண்டு போனவவாம். கடைசியிலை, "அத்தான், நீங்கள் காரோடை காலம் தள்ளின ஆள், உங்களைக் கேட்டால் என்ன சொல்லுவியள்?" எண்டு கேட்டிருந்தீர். கேட்டபடியால் எழுதுறன், பொறுமையாய் வாசியும்.

முதலாவது, சீற் சூடாகிற விசயம். அதுக்கு ஏன் அந்த மனிசன் காசு குடுக்கவேணும்? என்ரை வாடகைக் காரைக் கொண்டுபோய்ச் சந்தியிலை மத்தியானம் நிப்பாட்டி விட்டால் சும்மாவே சூடாகும், ஏறி இருக்கிற சனம் எழும்பி நிண்டுகொண்டுதான் வரும். ஆனால் எஞ்சின் சத்தம் கேக்கக் கூடாதெண்ட மனிசனை நான் கும்பிடுறன். எங்களுக்கு அது சொகுசு இல்லை மச்சான், ஆமியின்ரை ஹெலிகொப்டர் வாறது காதிலை விழவேணும். என்ரை கார் போடுற சத்தத்திலை தலைக்கு மேலை வந்து நிண்டாலும் தெரியாது. அதாலை எங்கை போனாலும் உம்மடை அக்கா கமலாதேவி முன்சீற்றிலை இருந்து தலையை வெளியாலை நீட்டி வானத்தைப் பாத்துக்கொண்டு வரவேணும். அவவுக்குக் கழுத்துப் பிடிச்சு, இப்ப வீட்டுக்குள்ளையும் முகட்டைப் பாத்துக்கொண்டுதான் கதைக்கிறா.

பின்சீற் விசயத்துக்கு வாறன். அதுதான் முக்கியம். உம்மடை ஐயாவுக்குக் கன காலமாய்க் குடலிறக்கம் இருந்தது உமக்குத் தெரியும். எங்களுக்குச் சொல்லாமல் வேட்டிக்குள்ளை பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, பயிர்க்கண்டுகளுக்கு வாளியாலை தண்ணி இறைச்சிருக்கிறார். போன கிழமை ஒருநாள் காலமை அது இறுகி, நீலம் பாய்ஞ்சு, மனிசன் கிணத்தடியிலை குந்தினவர் எழும்பேல்லை. எங்கடை ஆஸ்பத்திரி அப்போதிக்கரி ஐயா தொட்டுப் பாத்திட்டு, "இஞ்சை வெட்ட வசதியில்லை, உடனை யாழ்ப்பாணம் கொண்டு போங்கோ, பிந்தினால் கஷ்டம்" எண்டார்.

மாமா என்ரை காரிலை ஏறுறதில்லையெண்டதும் உமக்குத் தெரியும். தெற்கை காலி நகரத்திலை கடை வைச்சிருந்த காலத்திலை மெத்தைச் சீற் போட்ட காரிலை திரிஞ்ச மனிசன். எண்பத்திமூண்டுக் கலவரத்திலை கடையோடை காரும் எரிஞ்சு, உடுத்த சாரத்தோடை கப்பலிலை வந்து இறங்கின நாள் துவக்கம் என்ரை காரைக் கோழிக்கூடு எண்டுதான் சொல்லுவார். அண்டைக்கு நோவிலை பல்லைக் கடிச்சுக்கொண்டு, "சரி, கூட்டைத் திறவும்" எண்டார். முன்சீற் சாயும், அதிலை இருங்கோ எண்டால், "முதலாளி பின்னாலைதான் இருக்கிறது" எண்டு பின்சீற்றிலை படுத்தார். ஆறடி மனிசன். கால் ரெண்டும் கதவுக்கு வெளியாலை. கதவைச் சாத்த ஏலாமல் உம்மடை அக்கா தன்ரை பழஞ்சீலையைக் கிழிச்சுக் கட்டினா. நாய்க்கு இடம் கேட்ட அந்த மனிசியிட்டைச் சொல்லும், அவ கேட்டது நியாயம்.

இப்ப பெற்றோல் இல்லை, கார் ஓடுறது மண்ணெண்ணையிலை. ஸ்ராட் பண்ணுறதுக்கு மட்டும் கொஞ்சப் பெற்றோலைச் சேலைன் போத்திலிலை விட்டுக் குழாயாலை எஞ்சினுக்குச் சொட்டுச் சொட்டாய் இறக்கிறது. மாமா தலையைத் தூக்கி அதைப் பாத்திட்டு, "எனக்கு ஏத்தவேண்டிய சேலைனை ஏன் தம்பி காருக்கு ஏத்துறீர்?" எண்டார். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. உம்மடை அக்கா என்னை முறைச்சா. அவரும் சிரிக்க வெளிக்கிட்டு, நோவிலை பாதியிலை நிப்பாட்டிப் போட்டார்.

அல்லைப்பிட்டி மட்டுக்கும் போனம், அங்காலை யாழ்ப்பாணத்துக்குக் கடலுக்குள்ளாலை போற தாம்போதி. அங்கை சென்றியிலை காவல் நிண்ட இயக்கப் பெடியள் மறிச்சு, "ஐயா, கோட்டைப் பக்கம் அடிபாடு, பண்ணைத் தாம்போதியாலை பூச்சி பூரானும் போகேலாது" எண்டாங்கள். வருத்தக்காரன் எண்டன். "வந்து விழுற செல்லுக்கு அது தெரியாது" எண்டு ஒருத்தன் மரியாதையாய்த்தான் சொன்னான். இதுக்கிடையிலை, ஹெலிக்குத் தெரியாமலிருக்கக் கார்க் கூரையிலை கட்டியிருந்த பனையோலையை ஒரு மாடு வந்து திண்டுகொண்டு நிண்டுது. மாட்டைக் கலைச்சு, காரைத் திருப்பி, வேலணைக் கரைக்கு வந்தம். அங்கையிருந்து கடல் தாண்டினால் யாழ்ப்பாணப் பக்கத்து அராலி.

கரையிலை மண்டைதீவு சில்வெஸ்ரர் நிண்டான். செல்லடிக்குப் பயந்து பெண்சாதி மாக்கிறேற்றையும் பிள்ளையளையும் வள்ளத்திலை ஏத்திக்கொண்டு வந்து, வடலிப் பனைக்குக் கீழை சமைச்சுக்கொண்டிருந்த மனிசன். மாமாவை ஒருக்காப் பாத்திட்டு அடுப்பிலை கிடந்த பானையை மனிசியிட்டை விட்டிட்டு வந்தான். "அண்ணை, வெறும் வள்ளத்திலை இவரைக் கிடத்தேலாது. அடியிலை தண்ணி நிக்குது, பலகை முதுகிலை குத்தும். உந்தச் சீற்றைக் கழட்டேலாதோ?" எண்டு கேட்டான். மச்சான், நான் இவ்வளவு காலம் கார் ஓடுறன், ஒருநாளும் அந்த யோசினை எனக்கு வரேல்லை. ஆணியெல்லாம் கறள் பிடிச்சு இறுகிக் கிடந்துது. நான் சுத்தியலாலை அடிக்க, அவன் நங்கூரத்தைக் குடுத்து நெம்ப, மாமா மணலிலை சில்லோடை சாஞ்சிருந்துகொண்டு, "மெதுவா, மெதுவா, மெத்தை கிழியப் போகுது" எண்டு மேற்பார்வை பாத்தார். கடைசியிலை சீற் பிடுங்குப்பட்டு வந்துது. மாமாவை அதிலை கிடத்தி, சாமி தூக்கிறமாதிரித் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணிக்குள்ளை இறங்கி வள்ளத்திலை வைச்சம்.

அண்டைக்குக் கடலிலை ஒரு அசுமாத்தம் இல்லை. சில்வெஸ்ரர் நீட்டுத் தடியாலை ஊண்டித் தள்ளினான். மாமாவின்ரை தலை அக்காவின்ரை மடியிலை. கையைத் தண்ணியிலை விட்டு அளைஞ்சுகொண்டு, "இப்பதான் தம்பி உம்மடை கார் குலுக்காமல் ஓடுது" எண்டார். அப்ப ஹெலி வந்திட்டுது. நாங்கள் மூண்டுபேரும் வள்ளத்துக்குள்ளை முகம் குப்புறப் படுத்திட்டம். அவருக்குப் பிரள ஏலாது. அவர் மட்டும் மல்லாந்து கிடந்து அதைப் பாத்துக்கொண்டிருந்தார். அங்கை வாங்கிறவை கூரையிலை கண்ணாடி வேணும், வானம் தெரியவேணும் எண்டு கேக்கினமெண்டு எழுதியிருந்தீர். அது மட்டும் வேண்டாமெண்டு சொல்லும். ஹெலி ஒருக்காச் சுத்திப்போட்டுக் கோட்டைப் பக்கம் போச்சுது. மாமா களைச்சுப் போய்க் கண்ணை மூடினார்.

பின்னர் அராலியில் இறங்கி, உழவு இயந்திரம் ஒன்றில் ஏற்றி, மானிப்பாய் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நடைபெற்று, தற்போது மாமா அவர்கள் அங்கேயே தங்கிப் பூரண சுகத்துடன் தேறி வருகிறார்கள். தாங்கள் இது பற்றி யாதொரு கவலையும் கொள்ளவேண்டியதில்லை. பயணம் வெளிக்கிடும் எண்ணம் ஏதும் இருப்பின் அதனை அறவே கைவிடவும். ஊர் நிலைமை சீரானதும் அவரே தம் கைப்பட எழுதுவார்கள்.

ஆகையால் மச்சான், அந்தக் கடை முதலாளி உம்மட்டை எப்பவாவது கேட்டால் சொல்லும்: ஆறடி மனிசன் நீட்டி நிமிந்து படுக்கவேணும், சீற்றை ஒரு பொம்பிளைப்பிள்ளை தனிய நிண்டு கழட்டக்கூடியதாய் இருக்கவேணும், நிறம் மண் நிறமாய் இருந்தால் நல்லது. மற்றதெல்லாம் அவையின்ரை விருப்பம்.

தங்களுக்கு நல்ல பெலமும், நீண்ட ஆயுளும், விசாக் கடதாசியும் கிடைக்க அம்மன் அருள் புரிவாளாக. மாமா அவர்களும் தங்களுக்குத் தம் ஆசிகளைத் தெரிவிக்கச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தான்,
சி. அப்புத்துரை

பி.கு.: தம்பி, இது அக்கா எழுதுறன். அத்தான் கடிதத்தை ஒட்டித் தரச்சொல்லித் தந்திட்டுக் குளிக்கப் போயிட்டார். அப்பாவின்ரை ஆசி எண்டு எழுதியிருக்கிற இடத்தை வாசிச்சாப்பிறகு என்னாலை ஒட்ட ஏலாமல் போச்சு. மானிப்பாயிலை வெட்டின கதை பொய். ஹெலி போனாப்பிறகு அப்பாவைக் கூப்பிட்டன், கண் முழிக்கேல்லை. அராலி தெரியத் துவங்கேக்கை என்ரை மடியிலை மூச்சு நிண்டுது. திருப்பிக் கொண்டுவர வழியில்லை, அராலியிலேயே தகனம் செய்தது. உன்ரை இடத்திலை அத்தான்தான் கொள்ளி வைச்சவர், உன்ரை பேரைச் சொல்லித்தான் வைச்சவர். சில்வெஸ்ரர் வேதக்காரன், மாதா கோயில் ஆள், எண்டாலும் பாடைக்குத் தடி வெட்டி, சுடலை மட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தவன்.

வள்ளத்திலை ஏத்த முதலே அப்பா எங்கள் ரெண்டு பேரிட்டையும் சொன்னவர், "எனக்கு ஒண்டு நடந்தால் பிள்ளைக்கு எழுதாதேங்கோ, அவன் ஓடி வந்து எங்கையாவது பிடிபட்டுப் போவான்" எண்டு. அத்தான் அந்தச் சொல்லுக்காக எழுதிறதும் கிழிக்கிறதுமாய் இருந்து, கடைசியிலை உன்ரை காரைப் பற்றி எழுதினார். எனக்கு மறைக்க ஏலாது. அப்பா இல்லையெண்டு தெரியாமல் நீ அங்கை சிரிச்சுக்கொண்டு திரியக்கூடாது. ஆனால் வந்திடாதை. கீரிமலைக்கும் போகேலாது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியண்டு அஸ்தியை இஞ்சைதான் கடலிலை கரைக்கப்போறம்.

வாசிச்ச உடனை தலையிலை தோய். அங்கை குளிரெண்டு எழுதியிருந்தாய், சுடுதண்ணியிலை தோய்.