நாலு மூலையிலும் கட்டிய படகு

கடலூர் முதுநகரில் ஒரு பாய்மரப் படகைத் தீவோரம் ராத்திரி முழுக்க அசையாமல் நிறுத்தத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். பொய். நான் கட்டி நிறுத்தியதெல்லாம் பந்தல் கால்தான். அதிலும் ஒன்று சரிந்து மாப்பிள்ளையின் சித்தப்பா மேல் விழுந்திருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு நான் போனதே மதியச் சாப்பாட்டுக்குத்தான் என்பதால், என் பொய்யும் ஒரு வரிக்கு மேல் தாங்காது. ஆனால் எங்கள் முதலாளி நாலுமுடிச்சு மாமாவைப் போல இன்னொரு ஆள் இந்த உலகத்தில் பிறக்கவில்லை என்பது மட்டும் சத்தியம்.

மாமாவுக்குப் பந்தல் தொழில். எதைக் கட்டினாலும் நாலு மூலையிலும் கட்டுவார், மூலைக்கு நாலு முடிச்சுப் போடுவார். அவர் கட்டிக்கொடுத்த இட்லிப் பொட்டலத்தை அவிழ்ப்பதற்குள் இட்லி ஊசிப் போய்விடும். திருவந்திபுரத்தில் அவர் கல்யாணத்தின்போது, மூன்று முடிச்சோடு நிறுத்தச் சொன்ன ஐயரிடம், "காத்தடிக்கிற ஊரு சாமி" என்று சொல்லிவிட்டு நாலாவதும் போட்டவர். அவர் சம்சாரத்தை நாங்கள் அக்கா என்போம். அக்கா இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் திட்டும்.

ஒருமுறை புதுச்சேரிக்குப் பந்தல் போடப் போன இடத்தில், எந்த நாட்டுக்காரனுடையதோ ஒரு வெள்ளை யாட், பணக்காரர்களின் பாய்மரப் படகு, கடலில் நின்றதை மாமா பார்த்துவிட்டார். கையில் பிடித்த கம்பை அப்படியே விட்டுவிட்டார். கம்பு என் காலில் விழுந்தது. "ஒரே கம்பு, ஒரே துணி. இதுக்காடா இந்த அலட்டல்? நம்ம குடோன்ல எவ்ளோ கம்பு கெடக்குது" என்றார்.

சீக்கிரமே ஒரு பழைய ஃபைபர் போட் வந்து சேர்ந்தது. நடுவில் சவுக்குக் கம்பு நட்டார். சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட சாமியானாத் துணியைப் பாயாகக் கட்டினார். ஓரத்தில் தொங்கிய ஜாலரைக்கூட வெட்டவில்லை. தண்ணீரில் இருந்ததைவிட அது வீட்டு வாசலில் இருந்த நேரம்தான் ஜாஸ்தி. கதவைத் திறந்தால் படகு இடிக்கும். கோலம் போட இடமில்லை. பொறுத்துப் பார்த்த அக்கா, ஒருநாள் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

"ஒரு ராத்திரி நானும் வந்து அதுல படுக்குறேன். காலைல கட்டுன எடத்துலயே நின்னுச்சுன்னா வெச்சுக்குங்க. ஒரு மொழம் நவுந்திருந்தாலும் காயலான் கடைக்குப் போட்டுடணும்."

மாமா சரி என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அவர் சாப்பாட்டையும் நான்தான் சாப்பிட வேண்டியதாகிவிட்டது.

படகைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக் கிளம்பினோம். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு நெரிசலில், ஜாலரைப் பார்த்த ஒரு ஆட்டோக்காரர் பொண்ணு வீடா மாப்பிள்ளை வீடா என்று கேட்டார். மாமா மீசையைத் தடவிக்கொண்டு, மாப்பிள்ளை வீடு என்றார்.

கிள்ளையில் கழித் தண்ணீரில் இறக்கி, சுரபுன்னைக் காட்டுக்குள் போனோம். காற்றே இல்லை. நான் மூச்சு வாங்கத் துடுப்புப் போட, மாமா பாயைப் பிடித்துக்கொண்டு, துணி எப்படி இழுக்குது பார் என்று அக்காவிடம் பெருமைப்பட்டார். பொழுது சாயும்போது ஒரு திட்டின் வளைவுக்குள் நுழைந்தோம். அன்று பௌர்ணமி. மரத்து வேரெல்லாம் முழுகும் அளவுக்குத் தண்ணீர் ஏறி, கண்ணாடி மாதிரி நின்றது.

மாமா நங்கூரத்தை வெளியே எடுத்தார். அது அக்காவின் அம்மிக்கல். எங்கம்மா வீட்டுச் சீதனம் என்று அக்கா பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டது. மாமா அதற்காக வருத்தப்படவில்லை. அவருக்கே ஒற்றைக் கயிற்றில் நம்பிக்கை கிடையாது. "ஒரு பக்கம் கட்டுனா எதுடா நிக்கும்? நாலு பக்கமும் இழு."

இழுத்தேன். நாலு மரம், நாலு கயிறு, மேல் கிளையில் கட்டு. மாமா கயிற்றைச் சுண்டினார். வீணை மாதிரி சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்கு உரிமையாளன் நான் என்று நினைத்துக்கொண்டே, புளிச்சோறு தின்றுவிட்டுத் தூங்கினேன்.

சாமத்தில், கயிறுகள் முனகும் சத்தத்தில் எழுந்தேன். படகு தூளி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தால் கீழே தண்ணீரைக் காணோம். சேற்றில் ஒரு நண்டு நின்று, எங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. கடல் வற்றினால் கழியும் வற்றும் என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எத்தனையோ பந்தல் போட்டிருக்கிறோம். எந்தப் பந்தலுக்கும் அடியில் தரை இறங்கிப் போனதில்லை.

மாமா ஏற்கெனவே விழித்துத்தான் இருந்தார். சவுக்குக் கம்பைக் கட்டிப்பிடித்தபடி, மெதுவான குரலில் கேட்டார்: "காயலான் கடை எப்படா தொறப்பான்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதற்கும் சிரிக்கிறவன் நான்.

அக்கா எழுந்தது. டார்ச் அடித்து நாலு மரத்தையும் பார்த்தது. பிறகு நண்டைப் பார்த்தது.

"நவுந்துச்சா?"

"நவுரல. ஆனா தண்ணி..." என்று மாமா இழுத்தார்.

"கட்டுன எடத்துலதான இருக்குது?"

"எடம் அதேதான்."

"தண்ணியப் பத்தி நான் பேசவே இல்லியே" என்று சொல்லிவிட்டு அக்கா திரும்பிப் படுத்துக்கொண்டது. அப்புறம் படகு குலுங்க ஆரம்பித்தது. அக்கா சிரிக்கிறது. மாமா சிரிக்கிறார். நான் சிரித்த சிரிப்பில் ஒரு கயிறு...

இருங்கள், போன் அடிக்கிறது. அக்காதான். மாமா மறுபடியும் படகை வண்டியில் ஏற்றிவிட்டாராம். அக்காவும் முன்னாலேயே ஏறி உட்கார்ந்தாகிவிட்டது, இந்தத் தடவை அம்மிக்கல்லை அதுவே எடுத்துவந்து.

"சீக்கிரம் வந்து தொல. வண்டிச் சாவிய வேட்டில முடிஞ்சு வெச்சிருக்காரு. நீ வராம அவுக்க மாட்டாராம்."

எத்தனை முடிச்சு என்று நான் கேட்கவில்லை.