பத்தாம் ஆண்டில் விலகுவார்

மனிதகுலம் கண்டெடுத்த அறிவியல்களிலேயே தலைசிறந்தது எது? மீசை அரும்பும் பையனைப் பலகைமேல் நடக்கவிட்டு, நாலு கேள்வி கேட்டு, அவன் தளபதி ஆவானா மாட்டானா என்று அரைநாளில் சொல்லிவிடும் அறிவியல்தான். அந்த மகத்தான அறிவியல், நம் கேப்டன் ராணுவத்தில் சேர வந்த அன்றே அவரைப் பற்றிச் சொல்லிவிட்டது: "பத்தாம் ஆண்டில் பணியை விட்டு விலகுவார்." ஆதாரம் இல்லாமலா? தேர்வு நடக்கையில் இரண்டு தடவை ஜன்னல் பக்கம் பார்த்தாராம்.

கேப்டனுக்கோ பாலம் போடுவதென்றால் உயிர். ஆற்றின் குறுக்கே இரும்புப் பாலத்தை விரித்து, அதன்மேல் முதல் லாரி நகரும்போது சின்னப்பிள்ளை மாதிரி துள்ளுவார். பாலம் போடும் ராணுவக் கம்பெனி ஒன்றுக்குத் தலைமை ஏற்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. அதற்கு மேற்பயிற்சி வேண்டும். 'எதிர்கால மதிப்பீட்டுப் பிரிவு' கர்னலிடம் போய் நின்றார்.

"பயிற்சியா? நீங்கதான் போகப்போற ஆளாச்சே!"

"நான் எங்க சார் போறேன்?"

"அது உங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்."

போகிறவருக்கு எதற்கு என்று பயிற்சி கிடைக்கவில்லை. பதவி உயர்வும் கிடைக்கவில்லை. ஒழுகும் குவார்ட்டர்ஸுக்குக் கூரைகூட மாற்றித் தரவில்லை. கடைசியில் பழைய பூட்ஸ் கிடங்கில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். அப்படியும் மனுஷன் அசைந்து கொடுக்கவில்லை. பத்தாம் ஆண்டும் முடியப்போகிறது! பிரிவே ஆடிப்போனது. அவசரக் கூட்டம் கூடியது. கர்னலே கிடங்குக்கு நேரில் வந்தார்.

"தம்பி, இதுவரைக்கும் எங்க கணிப்பு ஒண்ணுகூடப் பொய்க்கலை. உங்க ஒருத்தரால அந்தப் பேரு கெடணுமா? கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்க."

"ஒரு பாலத்தைக் குடுங்க சார், நான் பாட்டுக்கு இருக்கேன்."

"போகப்போற ஆளுக்கு எப்படிப்பா பாலத்தைக் குடுக்கறது?"

அன்று வீட்டில், சொட்டுகிற இடத்துக்குப் பாத்திரத்தை நகர்த்திக்கொண்டே மனைவி சொன்னாள்: "போதும்ங்க, விட்டுட்டு வாங்க. நீங்க கிளம்பலைன்னா அந்த மனுஷனுக்குத் தூக்கமே வராது போலிருக்கு, பாவம்." கேப்டனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. மறுநாளே ராஜினாமா கொடுத்தார்.

பிரிவுபசார விழாவில் கர்னலின் மார்பில் 'துல்லியத்துக்கான' பதக்கம் ஏறியது. "பெருமையெல்லாம் அந்த அரைநாள் தேர்வையே சேரும்" என்று அவர் நெகிழ்ந்துபோய்ச் சொல்ல, கைதட்டல் ஓய வெகுநேரமானது. கேப்டனையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"கர்னல் சார் ரொம்பத் தன்னடக்கமாப் பேசறாரு" என்றார் கேப்டன். "நான் போயிடுவேன்னு சொல்றதுக்குத்தான் அரைநாள். போகவைக்கிறதுக்கு அவரு பத்து வருஷம் ராப்பகலா உழைச்சிருக்காரு!"