நம்பர் பிளேட்டுக்குக் காவல்

தாமாகவே பதவி ஏற்றுக்கொண்ட அதிகாரிகள் என்று ஓர் இனம் உண்டு. இவர்களுக்குச் சம்பளம் கிடையாது, சீருடை கிடையாது, மேலதிகாரி கிடையாது, விடுமுறையும் கிடையாது. மருத்துவமனைக்குப் போனால் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு நிஜமாகவே காய்ச்சல்தானா என்று எட்டிப் பார்ப்பார்கள். இழவு வீட்டுக்குப் போனால் யார் கண் ஈரமாக இருக்கிறது, யார் கண் வெறும் சிவப்பு என்று பிரித்துவிடுவார்கள். அமெரிக்காவில், எங்கள் சிற்றூரில், இந்த இனத்தில் டெல்மர் கிரெப்ஸை மிஞ்சிய ஆள் இல்லை. போரில் உடல் ஊனமுற்ற ராணுவத்தினருக்கு மாநில அரசு கொடுக்கும் தனி நம்பர் பிளேட்தான் அவர் எடுத்துக்கொண்ட இலாகா.

இறைச்சிக் கடைத் தராசுகளைச் சோதிக்கும் அரசு வேலையில் முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர் டெல்மர். அதற்கும் முன்பு, பத்தொன்பது வயதில், ராணுவத்தில் சேரப் போயிருந்தார். டாக்டர் அரை நிமிடம் பார்த்துவிட்டு, பாதம் தட்டை என்று திருப்பி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து டெல்மர் மற்றவர்களின் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

காலை ஒன்பது மணிக்குப் பல்பொருள் அங்காடியின் வண்டி நிறுத்துமிடத்தில் தன் பிக்கப் வண்டியை நிறுத்தி, பிளாஸ்க்கில் காப்பியும் மடியில் நோட்டுப் புத்தகமுமாக உட்காருவார். அந்தத் தனி பிளேட் போட்ட வண்டி ஒன்று வந்து நின்றால் போதும், முதுகு நிமிர்ந்துவிடும். இறங்குகிறவர் நொண்டினால் தேர்ச்சி. சக்கர நாற்காலி என்றால் முதல் வகுப்பு. நேராக நடந்தாலோ, போச்சு. ஒருநாள் இளைஞன் ஒருவன் விறுவிறுவென்று நடந்துபோனான். "தம்பி, உனக்கு எங்க அடிபட்டுச்சு?" என்று டெல்மர் பின்னாலிருந்து மூன்று முறை கத்தினார். அவன் திரும்பவே இல்லை. 'திமிர்' என்று குறித்துக்கொண்டார். குண்டு வெடித்ததில் அவனுக்கு இரண்டு காதும் போயிருந்தது என்பது ஊருக்கே தெரியும். நோட்டுப் புத்தகத்துக்கு மட்டும் இன்னும் தெரியாது.

இப்படிப்பட்ட கண்ணில்தான் லோர்னா பிக்கெட் விழுந்தார். வயது அறுபத்தாறு. அந்த பிளேட் மாட்டிய பழைய வேனை மாற்றுத்திறனாளிகளுக்கான நீல இடத்தில் அல்ல, எல்லோரையும்போலக் கடைசி வரிசையில் நிறுத்தினார் (இதுவே டெல்மருக்குப் பெரிய சந்தேகத்தைக் கிளப்பியது). இரண்டு தோளிலும் இரண்டு மூட்டை நாய் உணவைப் போட்டுக்கொண்டு பாட்டுப் பாடியபடி திரும்பி வந்தார். டெல்மர் குறுக்கே போய் நின்றார்.

"மேடம், ஒரு நிமிஷம். இந்த பிளேட் யாரோடது?"

"எங்க வீட்டுக்காரரோடது."

"அவர் எங்க?"

"கல்லறையில."

"அப்போ வண்டிய அவர் ஓட்டல."

"இல்லைங்க. இருந்தப்பவே சுமாராத்தான் ஓட்டுவார்."

முன் இருக்கையில் யாரோ இருப்பதுபோல் தெரிந்தது. டெல்மர் குனிந்து பார்த்தார். முழங்காலுக்குக் கீழே மாட்டும் செயற்கைக் கால் ஒன்று, காலுறையும் பாலிஷ் போட்ட ஷூவும் அணிந்து, இருக்கைப் பட்டியால் கட்டப்பட்டு, கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

"இவர்தான் எங்க வீட்டுக்காரர், கார்ல்ட்டன்," என்று அறிமுகம் செய்தார் லோர்னா. "முழுசா இல்ல. மிச்சம் இருக்கிற வரைக்கும்."

டெல்மர் நேராக வாகனப் பதிவு அலுவலகத்துக்குப் போனார். கவுன்ட்டரில் இருந்த பெர்னீஸ் சட்டப் புத்தகத்தைப் புரட்டாமலே சொன்னாள்.

"வெச்சுக்கலாம் டெல்மர். வீரர் இறந்துட்டா பொண்டாட்டி அந்த பிளேட்ட ஆயுசுக்கும் வெச்சுக்கலாம். மறு கல்யாணம் பண்ணிக்கிட்டாத்தான் திருப்பித் தரணும். போங்க, உங்களுக்குப் பின்னாடி பதினோரு பேர் நிக்கிறாங்க."

மறு கல்யாணம்! அந்தச் சொல் டெல்மருக்குப் புது உத்தியோகம் கிடைத்ததுபோல் இருந்தது. கால்களைவிட்டு இதயங்களைச் சோதிக்கும் துறைக்கு மாறினார். குழாய் ரிப்பேர்க்காரர் லோர்னா வீட்டில் இரண்டு மணி நேரம் இருந்தார், குறித்தார். தேவாலய விருந்தில் பாடகர் குழுவின் தடித்த ஆசாமி லோர்னாவுக்கு இரண்டாவது துண்டு ஆப்பிள் கேக் எடுத்து வைத்தார், அடிக்கோடிட்டார். செவ்வாயும் வெள்ளியும் லோர்னா சாப்பிடும் சிற்றுண்டிக் கடையில் பின் மேஜையில் உட்கார்ந்தார். அங்கிருந்து சரியாகக் கேட்கவில்லை என்று பக்கத்து மேஜைக்கு வந்தார். பக்கத்து மேஜையில் இருந்துகொண்டு உற்றுப் பார்த்தால் ஊர் தப்பாக நினைக்கும் என்று லோர்னாவின் மேஜைக்கே வந்துவிட்டார்.

"புதுசா யாராவது... பழக்கமாயிருக்காங்களா?" என்பார், உப்பு டப்பாவைப் பார்த்தபடி.

"நாய்க்கா, எனக்கா?"

"உங்களுக்கு."

"இருக்காரு ஒருத்தர். வாரத்துக்கு ரெண்டு தடவ வந்து நான் யாரப் பாக்குறேன்னு கேக்குறாரு."

அது யாராக இருக்கும் என்று டெல்மர் இரண்டு நாள் யோசித்தார்.

வீட்டில் ஆண் செருப்பு ஏதும் கிடக்கிறதா என்று பார்ப்பதற்காகவே கூரைத் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்து கொடுத்தார். பிறகு வேலியை. பிறகு நாயை நடத்திக்கொண்டு போனார். நோட்டுப் புத்தகத்தில் பக்கங்கள் மெலிந்துகொண்டே வந்தன. கடைசிப் பதிவு: 'இன்று பச்சை ஸ்வெட்டர். நன்றாக இருந்தது.' ஆய்வாளர் ஒருவர் எழுதுகிற வாசகமா இது?

அக்டோபரில் வாகனப் பதிவு அலுவலகத்திலிருந்து லோர்னாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அவர் மறுமணம் செய்துகொண்டதாக, அல்லது செய்துகொள்ளப் போவதாகப் புகார் வந்திருக்கிறது. நேரில் வந்து மறுக்க வேண்டும், இல்லையேல் பிளேட்டை ஒப்படைக்க வேண்டும். கூடவே புகாரின் நகல். பெயர் இல்லை. தேதி, நேரம் எல்லாம் இருந்தது. 'செவ்வாய், 12.40: அம்மாள் சிரித்தார். 12.41: மறுபடியும்.' சந்தேகிக்கப்படும் மணமகன்: டெல்மர் கிரெப்ஸ்.

லோர்னா கொண்டுவந்து காட்ட, டெல்மர் அதை இரண்டு முறை படித்தார். "சுத்தமான வேலை," என்று அவரை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

லோர்னா சிரிக்கவில்லை. "அந்தக் கால் ஆஸ்பத்திரிக்காரங்க கொடுத்தது டெல்மர். கல்லறைக் கல்லு நான் வாங்குனது. அவருக்கு நாடு கொடுத்துச்சுன்னு சொல்லிக்க அந்தத் தகரம் ஒண்ணுதான் இருக்கு. அதக் கழட்டிக் கொடுக்க என்னால ஆகாது."

மறுநாள் இருவரும் கவுன்ட்டரில் நின்றார்கள். டெல்மரின் கோட்டுப் பையில் சிறிய வெல்வெட் பெட்டி ஒன்று மூன்று வாரமாக இருந்தது. அது லோர்னாவுக்குத் தெரியாது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

லோர்னா தனக்கு மறுமணம் ஆகவில்லை என்று கையெழுத்துப் போட்டார். பெர்னீஸ் அடுத்த தாளை டெல்மர் பக்கம் தள்ளினாள்.

"கைய உசத்துங்க. இந்த அம்மாவக் கட்டிக்கிட்டீங்களா?"

"இல்ல."

"கட்டிக்கிற எண்ணம் இருக்கா?"

முப்பத்தோரு வருடம் அரை அவுன்ஸ் பொய்யைக்கூட விடாமல் பிடித்த மனிதர். வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள். லோர்னா அவரைப் பார்க்கவில்லை. சன்னல் வழியாக வேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல," என்றார் டெல்மர். "எந்தக் காலத்துலயும் இல்ல."

முத்திரை விழுந்தது. பிளேட் பிழைத்தது.

படியிறங்கும்போது லோர்னா மெதுவாகச் சொன்னார். "கையத் தூக்கிக்கிட்டு அப்படி ஒரு பொய் சொன்னீங்களே மனுஷா."

"தெரிஞ்சுபோச்சா?"

"அந்தக் கோட்ட போன வெள்ளிக்கிழமை என்கிட்டதான பொத்தான் தைக்கக் கொடுத்தீங்க?"

முன் இருக்கை கார்ல்ட்டனுடையது என்பதால் டெல்மர் வேனின் பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

புகார் எழுதியவர் யார் என்று கடைசி வரை தெரியவில்லை. எங்கள் ஊரில் அந்தக் கையெழுத்துக்கு நாற்பது பேர் தேறுவார்கள். அது போகட்டும். வாசகரே, உங்கள் முகத்தில் ஒரு கேள்வி தெரிகிறது. சட்டத்துக்குத் தெரியாமல், பக்கத்து ஊருக்கு எங்கேயாவது போய், பாதிரியார் ஒருவரை வைத்துக்கொண்டு, அந்த இருவரும் பிறகு கல்யாணம் பண்ணிக்கொண்டார்களா இல்லையா என்றுதானே?

எனக்குத் தெரியும். ஆனால் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் புகார் எழுதிப் போட்டுவிடுவீர்கள்.