ஆயிரத்து இருநூறு சுற்றில் ஓடிய பம்ப்

ஒரு காட்டில் ஒரு நீச்சல் குளம் இருந்தது. காட்டுக்கு எதற்கு நீச்சல் குளம் என்று கேட்காதீர்கள். மனிதர்கள் வந்து ஒரு சொகுசு விடுதி கட்டினார்கள். யானை ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தது. மனிதர்கள் போய்விட்டார்கள். குளமும், பம்ப் அறையும், அதன் கூரைமேல் நாலு சோலார் தகடுகளும், அவை நிரப்பும் ஒரு பேட்டரியும் மிச்சம்.

மிருகங்கள் உடனே குளப் பராமரிப்புக் குழு ஒன்றை அமைத்தன. காட்டெருமை தலைவரானார். உடம்பு பெரிதாக இருந்தது, அதற்குமேல் யாரும் விசாரிக்கவில்லை. பம்ப் ஆபரேட்டர் வேலை எறும்புதின்னி வேலப்பனுக்குக் கிடைத்தது. பொத்தானை அழுத்தத் தோதான நகம் கரடிக்கும் இருந்தது, ஆனால் கரடி நேர்காணலில் தூங்கிவிட்டது.

வேலப்பன் கூச்ச சுபாவம். யாராவது குரலை உயர்த்தினால் பந்தாகச் சுருண்டுகொள்வான். அவனுக்கு வேலையைவிடப் பெரிதாகத் தெரிந்தது வேலையோடு வந்த பம்ப் அறை. மனைவி செங்கமலத்தின் வாலில் பிறந்து இருபது நாளான குட்டி தொற்றிக்கொண்டிருந்தது. போன மழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்து முதல் குட்டியைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். இந்த மழைக்கு ஒழுகாத கூரை கிடைத்ததே என்று இருவரும் மாறி மாறிச் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த பம்ப் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ரகம். வேலப்பன் ஒரு வாரம் அதன் முன்னாலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு வேகமாக வைத்துப் பார்த்து, சங்கதியைப் பிடித்துவிட்டான். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் கரண்ட் எட்டு மடங்கு போகிறது. தண்ணீரோ மெதுவாகப் போனால்தான் வடிகட்டியில் அழுக்கு தங்குகிறது. ஆகவே நிமிடத்துக்கு ஆயிரத்து இருநூறு சுற்று, காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு வரை. மிதக்கும் இலைகளை இழுக்க மட்டும் காலையில் அரைமணி நேரம் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவான். குளத்தின் அடியில் கிடந்த நாவல் கொட்டைகூட மேலிருந்து பளிச்சென்று தெரிந்தது.

வந்தது வினை. அந்தக் காட்டில் எதையும் காதால்தான் நம்புவார்கள். மரங்கொத்தி வேலை பார்த்தால் டொக் டொக் என்று கேட்கும். அருவி விழுந்தால் அரைமைல் கேட்கும். சத்தம் வராத வேலையை வேலை என்று சொல்லும் வழக்கமே அங்கே கிடையாது. குழுவின் ஆய்வுப் படிவத்தில் 'சத்தம்: பலம் / மிதம் / இல்லை' என்று ஒரு கட்டம் இருந்தது. 'தண்ணீர்' என்று ஒரு கட்டம் வைக்க மறந்துவிட்டார்கள்.

ஆய்வுக்கு வந்த தலைவர் பம்ப்பில் காதை வைத்துக் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை.

"என்னய்யா, பம்ப் ஓடுதா, தூங்குதா?"

"ஓடுதுங்க தலைவரே. தண்ணியப் பாருங்க..."

"தண்ணி என்னத்தச் சொல்லும்? சத்தம் எங்கய்யா?" என்று அதட்டினார் தலைவர்.

வேலப்பன் சுருண்டுவிட்டான். பதில் சொல்லாமல் பந்தாகக் கிடப்பவனைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

கூடவே வந்திருந்த குரங்கு சடையாண்டி இதுதான் சமயம் என்று முன்னால் குதித்தான். "எங்கிட்ட விடுங்க தலைவரே. நீங்கள்லாம் குளிக்க வர்ற பத்து மணிக்குப் போடுறேன், ஃபுல் ஸ்பீடு. காடே அதிரும்!"

அன்றே உத்தரவு வந்தது. வேலை சடையாண்டிக்கு. வேலப்பன் பதினைந்து நாளில் அறையைக் காலி செய்ய வேண்டும்.

மறுநாள் பத்து மணிக்கு பம்ப் அலறியது. குளிக்க வந்தவர்களுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "இதுவல்லவா வேலை!" என்றார்கள். பன்னிரண்டு மணிக்கு பேட்டரி காலி. மிச்ச நாள் முழுக்கத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. நாலாம் நாள் லேசாகப் பச்சை. எட்டாம் நாள் குளத்தில் இறங்கிய வெள்ளைக் கொக்கு கிளி நிறத்தில் ஏறி வந்தது. தலைவருக்கு உடம்பெல்லாம் அரிப்பு.

குழு அவசரமாகக் கூடியது. "இவ்வளவு சத்தத்துலயும் பச்சையாகுதுன்னா, அந்த எறும்புதின்னி குளத்த எந்த அளவுக்குக் கெடுத்து வச்சிருக்கணும்!" என்றார் தலைவர், முதுகைச் சொறிந்தபடி. எல்லோரும் தலையாட்டினார்கள். இதைக் கேட்டபோது வேலப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது.

சடையாண்டிக்கு மட்டும் உண்மை தெரியும். ஆறு நாளில் அடுத்த ஆய்வு. அன்று மதியம் பம்ப் அறைக்கு வந்து காலில் விழாத குறையாக நின்றான்.

"அண்ணே, பச்ச மாறலேன்னா என்னையும் தொரத்திருவாங்க. எதாச்சும் பண்ணுங்கண்ணே."

வேலப்பன் வாயைத் திறப்பதற்குள் செங்கமலம் முந்திக்கொண்டாள்.

"பம்ப்ப இவர் பாத்துக்குவார். உனக்குச் சத்தம்தான வேணும்? பின்னால ஒரு காலி எண்ணெய் டின் கெடக்கு. பத்துலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் எடுத்துத் தட்டு. ஆனா நாங்க இந்த ரூமவிட்டுப் போக மாட்டோம், இப்பவே சொல்லிட்டேன்."

அப்படியே நடந்தது. உள்ளே ஆயிரத்து இருநூறு சுற்று, பன்னிரண்டு மணி நேரம். வெளியே சடையாண்டி கொட்டாங்கச்சியால் டின்னைப் பொளந்து கட்டினான். தாளம்கூடப் பிடிபட்டுவிட்டது. வேலப்பன் தினமும் வடிகட்டியைக் கழுவிக் கழுவி மாட்டினான். ஆறாம் நாள் ஆய்வின்போது நாவல் கொட்டை மறுபடி தெரிந்தது.

தலைவர் குளத்தைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார். படிவத்தில் 'பலம்' என்று எழுதினார். பிறகு குழு ஒரு தீர்மானம் போட்டது: குளத்தைக் காப்பாற்றிய டின்னுக்கு மாலை. தட்டிய சடையாண்டிக்குப் பட்டம்.

"உள்ள இருக்குற அந்த பம்ப்பு?" என்று கேட்டது கரடி, அபூர்வமாக விழித்திருந்ததால்.

"சத்தமே போடாதது, அது பாட்டுக்குக் கெடந்துட்டுப் போவுது," என்றார் தலைவர். "டின்னுதான் முக்கியம். மழ வருது, துருப்பிடிச்சா என்ன பண்றது? ராவும் பகலும் பக்கத்துலயே ஒரு ஆள் இருக்கணும்."

யாரும் முன்வரவில்லை. செங்கமலம் கணவனை முழங்கையால் இடித்தாள்.

"நான் இருக்கேனுங்க," என்றான் வேலப்பன். அத்தனை பேர் நடுவில் அவன் வாழ்நாளில் சுருளாமல் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

பம்ப் அறை என்ற பலகையை எடுத்துவிட்டு 'டின் அறை' என்று மாட்டினார்கள். வேலப்பன் நிரந்தர டின் காவலரானான். மழை பிடித்துக்கொண்ட அன்று காலையில் அவன் டின்னை ஐந்து நிமிடம் துடைத்துவைத்தான். பிறகு பம்ப்பை ஆயிரத்து இருநூறில் வைத்துவிட்டு, கூரையில் மழை விழுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தான். குட்டி நனையாமல் தூங்கியது.

நீதி: நிதானமாக, விடாமல், சத்தமில்லாமல் உழையுங்கள். அதற்கு முன்னால், வெளியே டின் தட்ட ஒரு ஆளைப் பிடித்துவிடுங்கள்.