சாலைப் பணம் சேலைக்கு இல்லை

அலுவலகத்தில் அவருக்கு 'உட்பிரிவு' என்று பெயர். சட்ட வரைவு எழுதுகிறவர். டீ சொன்னால்கூட, "சர்க்கரை இல்லாமல், ஆனால் சூடாக, சூடு என்பது யாதெனில்" என்று சொல்கிற ஆள். அந்த வருடம் அவர் மேசைக்கு ஒரு பெரிய வேலை வந்தது. எரிபொருள் வரியும் வண்டிக் கட்டணமும் இனி சாலைக்கு மட்டும்தான், மாநில அரசு வேறெதற்கும் அதில் கை வைக்கக் கூடாது என்று ஒரு சட்டம். எழுத எழுத அவருக்கு மீசை துடித்தது. இத்தனை நல்ல சட்டம் நம் வீட்டில் மட்டும் ஏன் இல்லை?

வீட்டில் ஒரு பெரிய பிஸ்கட் டின் இருந்தது. காரில் யார் எங்கே போனாலும் அதில் ஏதாவது பணம் போட வேண்டும். அவர் விதித்த வரி. ஆனால் அது மிக்ஸி பழுதுக்கும் கல்யாண மொய்க்கும் கரைந்துகொண்டே இருந்தது. காருக்கு ஸ்டீரியோ வாங்கும் அவருடைய ரகசிய ஆசையும் கூடவே கரைந்தது.

"இனிமே சாலைப் பணம் சாலைக்குத்தான். சேலைக்கு இல்லை," என்றார் சாப்பிடும்போது.

மனைவி சண்டைக்கு வருவாள் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தார். அவளோ தலையாட்டிவிட்டு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

அன்றுமுதல் எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டலானார். சாதாரண ஜனங்களுக்குப் புரிகிறதா என்று பார்க்கவாம். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். நடந்து போகிறவர்கள் மனுஷர் இல்லையா என்றாள், நடைபாதையைச் சேர்த்தார். இருட்டில் எப்படி நடப்பது என்றாள், விளக்கு சேர்ந்தது. கால் முடியாதவர்கள்? கைப்பிடியும் ஏறியது. மேலதிகாரி முதுகில் தட்டினார். "எல்லாம் உன்னாலதான்" என்று வீட்டில் வந்து சொன்னபோது அவள் முகம் மலர்ந்ததில் இவருக்கே என்னவோ செய்தது.

டின்னும் நிரம்பியது. வெளியூர் வேலை முடிந்ததும் ஸ்டீரியோ என்று முடிவு கட்டிக்கொண்டு போனவர், திரும்பி வந்து வாசலில் திகைத்து நின்றார். தெருவிலிருந்து வீட்டுப்படி வரை சேறாகக் கிடந்த சந்தில் கல் பாவியிருந்தது. ஓரமாக இரும்புக் கைப்பிடி. மேலே விளக்கு. டின் காலி.

"நீங்க எழுதினதுதாங்க," என்றாள் மனைவி. "சேலை ஒண்ணுகூட வாங்கலை."

அவர் மனதுக்குள் உட்பிரிவு உட்பிரிவாகத் தேடிப் பார்த்தார். அவர் எழுதும் சட்டத்தில் ஓட்டையே இருக்காது.

அவள் குரல் தாழ்ந்தது. "போன மழையில அப்பா இங்கதானே வழுக்கி விழுந்தாரு. அப்புறம் வரவே இல்லை."

"என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே."

"கேட்டா வரைவு போட ஆரம்பிச்சிடுவீங்க."

ஞாயிற்றுக்கிழமை அவரே காரை எடுத்துப் போய் மாமனாரை அழைத்து வந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு கல்லாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். படியில் நின்ற மகள் சிரிக்கப் போய் அழுதுவிட்டாள். இவருக்கும் கண் கலங்கியது. ஸ்டீரியோ போனால் போகிறது என்று மனதார நினைத்தார்.

மாலையில் மூவரும் காற்று வாங்கக் கிளம்பினார்கள். முன் சீட்டில் உட்கார்ந்த மாமனார் முதல் திருப்பத்திலேயே ஆரம்பித்தார். கியரை மாற்றச் சொன்னார், மாற்றியதும் ஏன் மாற்றினீர்கள் என்றார். பிரேக்கை மிதிக்கும் லட்சணத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். போகட்டும், ஒருநாள்தானே என்று உட்பிரிவு பல்லைக் கடித்துக்கொண்டார்.

பின்னாலிருந்து மனைவி அவர் தோளில் கை வைத்தாள்.

"அப்பா இனிமே நம்மகூடத்தாங்க. பொழுது போகணும்ல, நாளையிலேருந்து உங்ககூட ஆபீஸ் வரைக்கும் கார்ல வந்துட்டுப் போறேன்னு சொன்னாரு."